நீலமணிக்கு ஒரு நேர்ச்சை

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, ஆண்கள் சோறு தின்று கண்ணயர்ந்ததும், வாலிநோக்கம் மேலத்தெருப் பெண்கள் ஓலையும் கையுமாக நூர் நிஷா வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். கைப்பிள்ளைக்காரி பிள்ளையோடு வருவாள். காலையில் மாமியாரோடு சண்டை போட்டவள் அதே மாமியாரோடு வருவாள். வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வாரப் பத்திரிகை வந்து இறங்கும். அதில் ‘முத்துத்தீவு மாவீரன்’ என்று ஒரு தொடர்கதை. சுலைகா படிப்பாள், மற்றவர்கள் கொட்டான் கூடை பின்னிக்கொண்டே கேட்பார்கள். ஒன்றரை வருஷமாக இந்த நடைமுறை பிசகவில்லை. இதற்காக ஒரு நிக்காஹ்வையே ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெருப் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் சுலைகா ஒருத்திதான். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள். கல்யாணமான நாலாம் வருஷம் புருஷன் கொழும்பில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான், பிள்ளையும் இல்லை. படிக்கிற நேரம் அவள் கை சும்மா இருக்குமே, பிழைப்பு கெடுமே என்று அவள் பங்கு ஓலையை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து மற்றவர்கள் பின்னிக் கொடுத்துவிடுவார்கள். அத்தியாயம் முடியும்போது அவள் மடியில் ஒரு கொட்டான் வந்து விழும். “வாயாலயே கொட்டான் பின்னுறவ இந்த ஊர்ல நீ ஒருத்திதாண்டி” என்று லத்தீபா கேலி செய்வாள்.

லத்தீபாவுக்கு ஐம்பது வயது. கதையில் வருகிற மாலுமி விசயரங்கன் மேல் அவளுக்கு அப்படியொரு பாசம். பெற்ற மகனைக் கூட அவள் அவ்வளவு மெச்சியதில்லை. நாலு கப்பல் கொள்ளைக்காரர்களை ஒற்றை ஆளாக நின்று வெட்டிச் சாய்த்தவன், புயலில் நாற்பது பேரைக் கரை சேர்த்தவன். அவன் தன் மனைவி நீலமணியை அடிக்கவும் செய்வான். எவனோ எழுதிய பொய்க் கடுதாசியை நம்பிக் கப்பல் கயிற்றால் அடிப்பான். அவளோ அடிவாங்கிக்கொண்டு, அவன் கடலுக்குப் போனதும் அவன் உயிருக்காக விளக்கேற்றி அழுவாள். வாராவாரம் இதே கூத்துதான்.

“அவன் கைநீட்டுறது ஆங்காரத்துலயா? அவமேல வச்ச உசுருல” என்பாள் லத்தீபா. “ஊரே நடுங்குற ஆம்பள, பொண்டாட்டிகிட்ட மட்டும் பூனையாட்டம் இருப்பானா?”

மலிகா விடமாட்டாள். இருபத்தைந்து வயதுதான், வாய் மட்டும் பெரிது. “கொள்ளக்காரன வெட்டுன கைய வாசல்லயே கழுவிட்டு வரணும் மாமி. அவ என்ன கொள்ளக்காரியா?”

“அவ பொறுமையா சபுரு செய்யிறாள்ல? அந்தச் சபுருக்குக் கூலி இல்லாமயா போகும்? பாத்துக்கிட்டே இரு, ஒரு நாளைக்கு அவ கால்ல வந்து விழப்போறான்.”

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வீட்டுக்காரி நூர் நிஷா ஓலையை நிறுத்திவிட்டுத் தன் மகளைப் பார்ப்பாள். “கேட்டியாடி நஸீரா” என்பாள். மகள் ஓலைக்குத் தண்ணீர் தெளிப்பாள்.

நஸீரா தாய்வீட்டுக்கு வந்து நாற்பது நாளாகியிருந்தது. பத்தொன்பது வயது. தொண்டியில் ஜவுளிக்கடையில் நிற்கிற ஹமீது சுல்தானுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அருமையான மாப்பிள்ளை என்று ஊரே சொன்னது. ஐந்து வேளைத் தொழுகை, பீடி சிகரெட்டு கிடையாது, குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவன் அறைந்த அறையில் நஸீராவின் இடது காது அடைத்துப் போய்விட்டது. முழங்கைக்கு மேலே தழும்பு இருந்தது, அதை அவள் யாருக்கும் காட்டுவதில்லை. கதை கேட்க உட்காரும்போது வலது காதைச் சுலைகா பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருவாள். சுலைகா அதைப் பார்த்துப் பார்த்தே, தானாக அவளுடைய வலது பக்கம் நகர்ந்துகொள்ளப் பழகியிருந்தாள்.

வாப்பா இல்லாத வீடு. அவளுக்குக் கீழே இன்னும் ரெண்டு குமருகள். வாழாவெட்டியை வைத்துக்கொண்டு கீழே உள்ளதுகளை எப்படிக் கரையேற்றுவது என்று நூர் நிஷா எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய வாரம் அது. உப்பளத்துப் பக்கமிருந்து புழுதி கிளம்பி வந்து முற்றம் முழுக்க மணலாகக் கிடந்தது. எவ்வளவு நனைத்தாலும் ஓலை காய்ந்து, மடக்கும்போது சடக் சடக்கென்று முறிந்தது. சுலைகா படித்துக்கொண்டிருந்தாள். விசயரங்கன் நீலமணியைப் பிடித்துத் தள்ளுகிறான், அவள் தலை நங்கூரத்தில் மோதுகிறது, மண்ணில் ரத்தம் பரவுகிறது. ‘நீலமணி கண் திறப்பாளா? அடுத்த இதழில் முடியும்’ என்று அச்சடித்திருந்தது. சுலைகா பத்திரிகையை மூடினாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

“யா அல்லா” என்று நெஞ்சில் கைவைத்தாள் லத்தீபா. கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. “பாவி மக, ஒரு சொல்லு எதுத்துப் பேசாதவளாச்சே. ஏர்வாடி அவுலியா பேரால ஒரு சட்டி சோறு நேந்துக்கிருவோம். அந்தப் புள்ள கண்ணு முழிக்கட்டும்.”

“மாமி, அது கதை. அச்சாபீசுல எப்பவோ அடிச்சு வச்சிருப்பான்” என்றாள் மலிகா.

“அடிச்சு வச்சா என்னா? அல்லா நாடுனா அச்சு மாறாதா?”

“அவ வேற சாமி கும்புடுற பொண்ணாச்சே?”

“படைச்சவன் எல்லாருக்கும் ஒருத்தன்தானே? அவுலியா சோத்துக்குச் சாதி பாத்தா ஆளு வருது?” என்றாள் லத்தீபா. பேச்சோடு பேச்சாக ஒரு மண்சட்டி வந்தது. ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட்டார்கள். முதலில் சிரித்த மலிகாவும் போட்டாள். நஸீரா மட்டும் அரிசியைக் கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். உதடு அசைந்தது. பிறகுதான் சட்டியில் போட்டாள். எதையோ வேண்டி நிய்யத்து வைக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நிறைவேறுமுன் வெளியே சொல்லக் கூடாது என்பதால் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம். பத்திரிகையை வாங்கிவந்து சுலைகா தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தனியாகப் பிரித்தாள். கதைக்குப் போட்டிருந்த படத்தில் கடலும் ஒரு பாய்க்கப்பலும்தான் இருந்தன. நீலமணி கண் திறக்கவில்லை. செத்துப்போனாள். விசயரங்கன் ஒரு பக்கம் முழுக்க அழுகிறான், தன் கப்பலுக்கு அவள் பெயரைச் சூட்டுகிறான், அவள் பொறுமையே அவனை மாவீரனாக்கியது என்று எழுதியவர் நாலு வரி மெச்சி முடித்திருந்தார். கடல் உள்ளளவும் அவன் பெயர் நிற்குமாம். சுலைகாவுக்கு வந்த கோபத்தில் தாளைக் கிழித்து அடுப்பில் போடலாம் போலிருந்தது. இவ்வளவு அடிவாங்கினவளைக் கொன்றுவிட்டு அவனுக்கா மாலை போடுவது என்று வாய்விட்டே திட்டினாள். அப்புறம் மண்சட்டி அரிசி நினைவுக்கு வந்தது. லத்தீபாவின் கண்ணீர் நினைவுக்கு வந்தது. அவுலியா பேரால் நேர்ந்ததும் பலிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? பதினோரு தடவை அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்து மாறவில்லை.

மறுநாள் முற்றத்தில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தாள். பாதிவரைக்கும் உள்ளதை உள்ளபடி படித்தாள். நீலமணியின் மூச்சு அடங்குகிற வரி வந்ததும் நிமிர்ந்து லத்தீபாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “நீலமணி மெல்லக் கண் திறந்தாள்” என்று படித்தாள். அதற்குப் பிறகு என்னவோ தானாக வந்தது. விசயரங்கன் அவள் காலில் விழுந்தான், இந்தக் கையை இனி உன்மேல் ஓங்கினால் கடல் என்னை விழுங்கட்டும் என்றான், கயிற்றைக் கடலில் எறிந்தான். சும்மா சொல்லக் கூடாது, அச்சில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

முற்றம் குலவை போட்டது. லத்தீபா எழுந்து நின்று, “நான் சொல்லல? நான் சொல்லல?” என்று ஒவ்வொருத்தி முகத்துக்கும் நேராகப் போய்க் கேட்டாள். “அச்சு மாறாதுன்னியே மலிகா, பாத்தியா?” என்றாள். மலிகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் நஸீரா எழுந்து தன் தாயிடம் போனாள். “உம்மா, அவுகளுக்கு ஆளு சொல்லி விடுங்க. நான் போறேன்” என்றாள்.

“என்னாடி சொல்ற?”

“நீலமணி பொழச்சா நானும் திரும்பிப் போறேன்னு நிய்யத்து வச்சேன். பொழச்சுட்டா. அல்லா எனக்கும் நல்ல வழியத்தான் காட்டிருக்கான்.”

நூர் நிஷா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். சுலைகா மடியில் அன்றைய கொட்டான் வந்து விழுந்தது. அவளுக்கு அதை எடுக்கக் கை வரவில்லை.

மருமகனுக்குக் கடுதாசி எழுத அன்று சாயங்காலமே நூர் நிஷா அவளிடம்தான் வந்தாள். வேறு யார் எழுதுவது? “அன்புள்ள மருமகனுக்கு, உங்கள் பொருளை வந்து கூட்டிக்கொண்டு போகவும்.” இதையாவது மாற்றி எழுதியிருக்கலாம். வராதே என்று ரெண்டு வரி எழுதினால் அந்தத் தெருவில் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஒரு தடவை மாற்றினதே போதுமென்று அவள் பயந்துவிட்டாள். மாற்றக் கூடாததை மாற்றினாள், மாற்ற வேண்டியதைச் சொன்னபடி எழுதினாள். அவள் புத்தி அன்றைக்கு அப்படிப் போயிற்று.

அந்த வாரம் அவள் ஏழு தடவை நூர் நிஷா வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். உள்ளே நஸீரா அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், அல்லது துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பாள். “வாங்க லாத்தா” என்று அக்கா முறை சொல்லிச் சிரிப்பாள். சுலைகா எதையாவது கேட்டுவிட்டு வந்துவிடுவாள். கச்சான் இரவும் பகலும் அடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நேர்ச்சைச் சோறு ஆக்கினார்கள். பெரிய தேக்சாவில் நெய்ச்சோறு, ஆட்டுக்கறி ஆணம். பதினோரு மணி பஸ்ஸில் ஹமீது சுல்தான் வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, கசங்காத கைலி, கையில் தொதல் மிட்டாய்ப் பொட்டலம். மாமியாருக்கு ஸலாம் சொன்னான். நஸீராவைப் பார்த்து, “மெலிஞ்சுட்டியே” என்று மெதுவாகச் சொன்னான். பெண்களெல்லாம் கதவிடுக்கில் நின்று பார்த்துப் பூரித்துப் போனார்கள். ஜும்மாவுக்குப் போய்வந்து சோற்றில் உட்கார்ந்தான். தெருவே சாப்பிட்டது. சுலைகா தட்டு சுவரோரம் அப்படியே இருந்தது, ஈ மொய்த்தது.

மூன்று மணிக்கு பஸ். இரண்டரை மணிக்கு நூர் நிஷா மகளின் தலையில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தினாள். பிரேதத்துக்குப் போர்த்துகிற துணி போலிருந்த அந்த வெள்ளையைப் பார்த்ததும் சுலைகாவால் தாங்க முடியவில்லை.

“நஸீரா, போகாத. நீலமணி மவுத்தாப் போயிட்டா” என்றாள்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“நான்தான் பொய்யாப் படிச்சேன். அவ கண்ணு முழிக்கல. ரத்தம் போயி அங்கனயே செத்துட்டா. நேந்துக்கிட்டியளேன்னு மாத்திப் படிச்சேன். நிய்யத்து வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது, அல்லா மேல ஆணையாத் தெரியாது.”

லத்தீபா நெய்க் கையைப் பார்த்துக்கொண்டு, “அப்ப நாம தின்னது என்னா சோறுடி?” என்று கேட்டாள்.

நூர் நிஷாவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. “பெட்டி கட்டி வச்சப்பறம் வந்து சொல்ற? ஏண்டி, ஒனக்குத்தான் புருஷன் இல்ல. எம்மக குடும்பம் நடத்துறதுகூட ஒனக்குப் பொறுக்கலயா?”

“பெரியம்மா, சத்தியமா...”

“சத்தியத்த யாரு பாத்தா? நீ படிச்சாத்தான் எங்களுக்குத் தெரியும். அன்னைக்குப் பொழச்சாங்குற, இன்னைக்குச் செத்தாங்குற. எத நம்புறது?”

சுலைகா ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்துவந்தாள். அதை யாரிடம் காட்டுவது? அந்த முற்றத்தில் படிக்கத் தெரிந்தது இன்னொரு ஆள் மட்டும்தான். அச்சடித்த எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருத்தன் மாற்றிச் சொல்வானா என்று அவள் நினைத்தாள். ஒரு வாரத்துக்கு முந்தித் தான் செய்தது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவேயில்லை பாருங்கள். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற ஹமீது சுல்தானிடம் போய் நீட்டினாள். “தம்பி, நீங்களே படிச்சு இவுகளுக்குச் சொல்லுங்க.”

“மாலுமி கதையா?” என்று சிரித்தான் அவன். “நானும் வாராவாரம் படிக்கிறதுதான். இந்தக் கடைசிதான் கைக்குக் கிடைக்கல.” வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு படித்தான். நிதானமாக, உதடு அசையாமல், ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பினான். மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தான். காற்றில் தாள் படபடவென்று அடித்தது. நஸீரா துப்பட்டிக்குள்ளிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தாளை மடித்தான். முகத்தில் அதே சிரிப்பு. “லாத்தா மொதல்ல படிச்சதுதான் சரி. அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சிருச்சு. மாலுமி திருந்திட்டான். லாத்தாவுக்கு என்னமோ மனசு சரியில்ல போல, திட்டாதிய மாமி.” பத்திரிகையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான். “வழில படிக்க இது இருக்கட்டும்.”

“அல்ஹம்துலில்லா” என்றாள் லத்தீபா. எல்லாரும் மூச்சுவிட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு பார், பொய் சொன்னவளைக்கூடத் திட்டவேண்டாம் என்கிறாரே என்று யாரோ சொன்னார்கள். ‘நீயாடா அந்த மாலுமி, நீயா’ என்று சுலைகாவின் மனசு கிடந்து அலறியது. அவன் அக்குளில் இருந்த பத்திரிகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உப்பளச் சாலை முக்கில்தான் பஸ் நிற்கும். பெண்கள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வழியனுப்பப் போனார்கள். சுலைகாவோடு யாரும் சேர்ந்து நடக்கவில்லை. அவள் பத்தடி பின்னால் போனாள். காற்று உப்பை வாரி முகத்தில் அடித்தது, எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. பாத்தி பாத்தியாக உப்பு வெயிலில் கண்ணைப் பறித்தது. பஸ் ஏற்கெனவே புழுதிக்குள் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஹமீது சுல்தான் முன்வாசல் வழியாக ஏறி, ஆண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

நஸீரா ஒவ்வொருத்தியிடமும் ஸலாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சுலைகாவிடம் வந்தாள். வழக்கம்போல வலது காதைத் திருப்பிக் கிட்ட வந்து நின்றாள்.

“லாத்தா, அவ எப்படிச் செத்தா?” என்று கேட்டாள்.

சுலைகா அவள் முகத்தைப் பார்த்தாள். “ஒனக்கு எப்படி...”

“படிக்கிறப்ப அவுக கையப் பாத்தேன். நடுங்குச்சு. அந்தக் கைய எனக்குத் தெரியும் லாத்தா. அடிச்சு முடிச்சப்பறந்தான் அது அப்படி நடுங்கும்.” குரல் தெளிவாக இருந்தது. “சொல்லுங்க. எப்படிச் செத்தா?”

“எதுத்து ஒரு சொல்லு பேசாம செத்தா. கடைசி மூச்சுலகூட அவன் கப்பலுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு கும்புட்டுக்கிட்டே செத்தா.”

“அவன்?”

“அவனுக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டான் எழுதுனவன்.”

கண்டக்டர் விசில் ஊதினான். நஸீரா பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். “நான் வச்ச நிய்யத்து அவ பொழச்சாப் போறேங்குறதுதான்” என்றாள் தனக்குத்தானே சொல்வதுபோல. “பொழக்கல. அல்லா என்னக் கட்டல.” கையிலிருந்த ஓலைப்பெட்டியைத் தரையில் வைத்தாள். “லாத்தா, இங்கனயே படிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

“தாளு அந்தாளுகிட்ட இருக்குடி.”

“ஒங்களுக்குத் தாளு எதுக்கு?”

உண்மைதான். பதினோரு தடவை படித்தவளுக்குத் தாள் எதற்கு? சுலைகா தொண்டையைச் செருமிக்கொண்டாள். முற்றத்தில் படிக்கிற அதே குரலில், பஸ் சத்தத்துக்கு மேலாக, “எழுபத்தி எட்டாம் அத்தியாயம்” என்று தொடங்கினாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “வாய மூடுடி” என்று நூர் நிஷா ஓடிவந்தாள். மலிகா குறுக்கே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுலைகா நிறுத்தவில்லை. ரத்தம் மணலில் ஊறியது, விளக்கு அணைந்தது, நீலமணியின் மூச்சு அடங்கியது, ஒரு வார்த்தை கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்கள். உப்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், “ஆமா, அப்படித்தான் வந்திருந்துச்சு, நானும் படிச்சேன்” என்று சொன்னார். லத்தீபா புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. ஜன்னலோரம் இருந்த வெள்ளைச் சட்டையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தியாயம் முடிந்தது. நஸீரா பெட்டியை எடுத்து மாற்றுக்கையில் வைத்துக்கொண்டு, சுலைகாவின் பக்கத்தில் போய் நின்றாள். நூர் நிஷா மலிகாவின் பிடியில் துவண்டு நின்றாள்.

“ஏறுறியளா இல்லியா?” என்று கத்தினான் கண்டக்டர். மறுபடியும் விசில் ஊதினான். பஸ் அசைந்தது. நாலடி போய் நின்றது. முன்வாசல் வழியாக ஹமீது சுல்தான் இறங்கினான். சுருட்டிய பத்திரிகை கையில் இருந்தது. கைலியில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டான். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது, கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

நஸீரா அந்தக் கையைப் பார்த்தாள், சுலைகாவின் பக்கத்திலேயே நின்றாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மறுநாள் காலையில்தான்.